எட்டு என்றார்

ஜூன் 3, திங்கள்

ஜெனிஃபர் எழுதச் சொன்னாள். இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிற பெண். "அங்கிள் தினமும் என்ன சத்தம் கொடுக்கிறாரு, எதுக்குக் கொடுக்கிறாருன்னு குறிச்சு வைங்க ஆன்ட்டி. ரெண்டு மாசம் கழிச்சுப் படிச்சா உங்களுக்கே வித்தியாசம் தெரியும்" என்றாள்.

சரி, எழுதுகிறேன். பெயர் தணிகாசலம். வயது அறுபத்து நான்கு. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பங்குனி மாதம் குளியலறையில் விழுந்தார். மூளையில் அடைப்பு என்றார்கள். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதிலுக்கு "தா" என்கிறார். தண்ணீருக்கும் தா, மின்விசிறிக்கும் தா, ஷர்மிளா பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்து "அப்பா" என்று அழுதால் அதற்கும் தா.

இன்று சொன்னது: தா.

ஜூன் 5, புதன்

தா. தோசைக்கு.

ஜூன் 8, சனி

ஜெனிஃபர் விட்டுப் போன படஅட்டைகளைக் காட்டினேன். மாடு, குடை, சாவி. மூன்றாவது அட்டையில் எல்லாவற்றையும் இடது கையால் தள்ளிவிட்டார். சோபாவுக்கு அடியில் போன அட்டையைக் குனிந்து எடுத்தேன். எனக்கு முதுகுவலியெல்லாம் இல்லை. குனிந்தால் நிமிர கொஞ்ச நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

நான் இந்தி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது இதே மாதிரி அட்டைகள் வைத்திருந்தேன். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு. இவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். வாசலில் இருந்த டியூஷன் போர்டைச் சித்திரையிலேயே கழற்றிவிட்டேன். யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று.

சாயங்காலம் இவருடைய போன் அடித்தது. இவர் பழைய நாணயம் சேர்ப்பவர். ஊர் ஊராக ஆன்லைனில் விற்கிற வியாபாரிகளுடன் வாட்ஸ்அப்பில் பேரம் பேசுவதுதான் ஓய்வுபெற்ற பிறகு இவருடைய வேலை. எல்லாம் எழுத்தில்தான். வாயைத் திறந்து பேசியதில்லை. இவர் யாரிடமும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, நன்றாக இருந்தபோதும். விழுந்ததிலிருந்து அந்தப் போன் பாட்டுக்குக் கூவிக்கொண்டு கிடந்தது. இன்று எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், மதுரையிலேர்ந்து பஷீர் அகமது பேசுறேன். மார்ச்ல ஒரு கால் ரூபாய் கேட்டிருந்தீங்க, பதிலே காணோம். இன்னும் வெச்சிருக்கேன். ஆயிரத்து எண்ணூறு."

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லி வைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்த ஆளே, "சரி சார், ஆயிரத்து அறுநூறு" என்றார். இவர் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பழகின ஆளுங்கிறதால ஆயிரத்து நானூத்தம்பது. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"வேணாம்" என்றார் இவர்.

தெளிவாக. ணகரம்கூடச் சுத்தமாக.

கையில் இருந்த அட்டைகளைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடியும் குனிய வேண்டியிருந்தது.

ஜூன் 10, திங்கள்

ஜெனிஃபர் ஒரு குதி குதித்தாள். "விடாதீங்க ஆன்ட்டி. அவருக்கு எது மேல ஆசையோ அதைத்தான் பேசணும். மாடு குடையெல்லாம் தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போட்டேன்.

ஜூன் 15, சனி

இப்போது தினமும் காலை இட்லிக்குப் பிறகு ஒரு பேரம், மத்தியானம் மாத்திரைக்குப் பிறகு ஒரு பேரம். நான் போன் போட்டு, "சார் பக்கத்துல இருக்காரு, விலையைச் சொல்லுங்க" என்பேன். அவர்கள் சொல்வார்கள். இவர் பேச முயற்சி செய்வார். தொண்டையில் ஏதோ ஏறி ஏறி இறங்கும், நெற்றியில் நரம்பு புடைக்கும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியாது. இவர் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தாங்களாகவே இறங்குகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "உங்க வீட்டுக்காரர் பயங்கரமான ஆளுங்க மேடம். வாயே தொறக்காம எண்ணூறு ரூபா குறைக்க வெச்சுட்டாரு" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்து ரொம்ப நாளாகிவிட்டதால் தாடை வலித்தது.

இன்று சொன்னவை: வேணாம். நூறு. அப்புறம் 'ஐ' என்று ஆரம்பித்து முடியாத ஒன்று. ஐந்நூறாக இருக்கலாம்.

நானும் சில சங்கதிகளைக் கற்றுக்கொண்டேன். முதல் விலைக்குப் பதில் சொல்லக் கூடாது. பின்பக்கப் படம் கேட்க வேண்டும். "தேய்மானம் தெரியுதே" என்று ஒரு இழு இழுக்க வேண்டும். தேய்மானம் இருக்கிறதா என்று எனக்கு எங்கே தெரியும்? ஆனால் எல்லாவற்றிலும் இருக்கும்போல, எல்லாரும் குறைக்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

இந்தூரிலிருந்து அகர்வால் என்று ஒருவர். இந்தி மட்டும்தான். பேரம் முழுக்க நான். என் இந்தியை ரொம்பவும் புகழ்ந்தார், விலையைக் குறைக்கவில்லை. கடைசியில் இவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்து "நஹி" என்றார்.

இத்தனை வருஷம் கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சத்தம் தாங்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வார். காதில் விழத்தான் செய்திருக்கிறது.

என் பெயரை இன்னும் சொல்லவில்லை. ஜெனிஃபர் கேட்டாள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்குப் பெயர் எதற்கு என்றேன்.

ஜூன் 26, புதன்

ஷர்மிளா போன் செய்தாள். "அம்மா, ஆல்பத்தையெல்லாம் மொத்தமா வித்துட்டு அப்பாவைப் பாத்துக்க ஒரு ஆளைப் போடு. நீ தூங்குறியா இல்லையா?"

தூங்குகிறேன் என்றேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

நாணயங்களை விற்றுவிட்டால் யாரிடம் பேரம் பேசுவது, எதைக் கேட்டு இவர் வாயைத் திறப்பார்? அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே கிளம்பி வந்துவிடுவாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

ஜூன் 30, ஞாயிறு

ஒன்றுகூட வாங்கவில்லை. வாங்குகிற நிலைமையும் இல்லை. எல்லாரிடமும் கடைசியில் "யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிடுகிறேன். இன்று காலை இவர் இருந்த நாணய விற்பனைக் குழுவிலிருந்து எண்ணை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்கு முன் ஒரு அறிவிப்பு: 'வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை மட்டும் கேட்டு வியாபாரிகள் நேரத்தை வீணாக்குவோருக்கு இங்கு இடமில்லை.'

கோயம்புத்தூர்க்காரர் போனை எடுப்பதில்லை. அகர்வாலின் படம் காணாமல் போய்விட்டது. தடுத்துவிட்டார் என்று அர்த்தமாம்.

மதுரை பஷீர் பாய் மட்டும் எடுக்கிறார். அவருக்கு விஷயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

பஷீர் பாய் ஒரு படம் அனுப்பினார். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ஒரு ரூபாய், 1939. கூடவே பேச்சுப் பதிவு: "சார், இது எப்பவாவது ஒரு தடவைதான் கைக்கு வரும். முப்பத்தொன்பது வெள்ளி ரூபாய் எவ்வளவு அரிதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். வெளிய லட்சத்துக்கு மேல கேப்பாங்க. உங்களுக்கு எழுபத்தஞ்சு."

இவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி விரலால் காட்டினார். பெரிதாக்கினேன். இன்னும், இன்னும். கடைசியில் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம்தான் தெரிந்தது. இவருக்கு மூச்சு வாங்கியது.

"எட்டு" என்றார்.

புது வார்த்தை! உடனே பாய்க்குப் போன் போட்டேன். "சார் எட்டுங்கிறாரு பாய்."

"எட்டாயிரமா? அக்கா, சேலத்துல வெயில் ரொம்ப அதிகமா?"

ஜூலை 6, சனி

எட்டு. காலையில் மூன்று தடவை, மத்தியானம் எண்ணவில்லை. படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். நான் பாயிடம் எட்டு என்று சொன்னால் இவருக்குக் கோபம் வருகிறது, தலையை ஆட்டுகிறார். சொல்லாவிட்டாலும் கோபம் வருகிறது.

பாய் எழுபதுக்கு வந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

அறுபத்தைந்து. எட்டு.

ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது இந்த நோயில் சகஜம் என்றாள் ஜெனிஃபர். போன வாரம் சொன்ன நூறு, வேணாம் இரண்டும்கூட எட்டாகிவிட்டன. பின்னால் போகிறதோ என்று பயமாக இருக்கிறது. வேஷ்டி மாற்றும்போது எட்டு. காபிக்கு எட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்து, எட்டு.

பதினொன்றாம் வகுப்பு லதாங்கியின் அம்மா கடைத்தெருவில் பார்த்து, மறுபடி எப்போது டியூஷன் என்று கேட்டாள். தெரியாது என்றேன். பால் வாங்க மறந்து திரும்ப நடந்தேன்.

ஜூலை 13, சனி

பஷீர் பாய் தானே கூப்பிட்டார். குரல் வேறாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். நீங்க வாங்கப் போறீங்களா இல்லையா?"

போனை மேஜை மேல் வைத்தேன்.

"கோயம்புத்தூர்ல நம்ம ஆளு சொன்னாரு. சேலத்துலேர்ந்து ஒரு அம்மா எல்லாருக்கும் போன் போடுது, ஒரு காசு வாங்கினதில்லன்னு. நான் அவரு கூட சண்டை போட்டேன், சார் எனக்கு அஞ்சு வருஷப் பழக்கம்னு. உங்களுக்காக ரெண்டு பார்ட்டியை நிறுத்தி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டேன். குளியலறையில் விழுந்தது, தா, படஅட்டை, ஜெனிஃபர் சொன்னது, அவர் அழைத்த அன்று வந்த வேணாம், எல்லாம். சொல்லும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது.

பாய் கடைசி வரை கேட்டுக்கொண்டார். அப்புறம், "நான் என்ன மாத்திரையா அக்கா?" என்றார். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு போடுறதுக்கு? எனக்கும் பொழப்பு இருக்கில்ல? முதல் நாளே சொல்லியிருந்தா நானே தினம் ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்பேனே. சொல்லாம ஏமாத்துறது என்னக்கா?"

மன்னிச்சுக்குங்க பாய் என்றேன்.

"கேரளாவிலேர்ந்து ஒரு டாக்டரு அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாரு. அவருக்குக் கொடுத்துடுறேன். சாருக்கு நல்லபடியா ஆகட்டும்" என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு என்றார்.

"போதுங்க" என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

பேரம் இல்லை. போனும் அடிக்கவில்லை. துணி துவைத்தேன். மிஷின் ரிப்பேர்.

ஜூலை 18, வியாழன்

மத்தியானம் மாத்திரை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. மடியில் ஆல்பம். இடது கையாலும் பல்லாலும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த வெள்ளி ரூபாயைத் தரையில் வைத்திருந்தார்.

அதே ஜார்ஜ் தலை. எடுத்துப் பார்த்தேன். 1938.

"எட்டு" என்றார். போனைக் காட்டினார். பஷீர் பாய் அனுப்பிய படத்தைத் திறந்தேன். அதன் கடைசி எண்ணில் விரலை வைத்தார். "எட்டு." பிறகு தரையில் இருந்த ரூபாயின் கடைசி எண்ணில். "எட்டு."

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். 1938இல் அடித்த ரூபாய் சாதாரணமாகக் கிடைப்பது. அதன் எட்டில் கீழ் வட்டத்தின் இடது பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஒன்பது. பாயின் படத்தில் அந்த இடத்தில் மட்டும் வெள்ளி கொஞ்சம் பள்ளமாக, வேறு பளபளப்பாக இருந்தது. பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும். இரண்டு வாரமாக இவர் சொன்னது விலை இல்லை. இது ஒன்பது இல்லை, எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதை எட்டாயிரம் ஆக்கி, பாவம் அந்த மனுஷனிடம் தினமும் பேரம் பேசியிருக்கிறேன்.

"பொய் நாணயமா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். கண்ணில் தண்ணீர்.

ஜூலை 19, வெள்ளி

பாய் போனை எடுக்கவில்லை. காலையிலிருந்து பல தடவை அடித்துவிட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்தது: விட்டுவிடலாம். அவர் அதை விற்றால் அவர் பாடு, கேரளா டாக்டர் பாடு. எங்களை எல்லாரும் துரத்தியாகிவிட்டது, இதில் நமக்கு என்ன? இவரிடம் அப்படியே சொன்னேன். இவர் போனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

சரி என்று பேச்சுப் பதிவு அனுப்ப உட்கார்ந்தோம். நான் பட்டனை அழுத்திப் பிடிப்பது, இவர் பேசுவது. எத்தனையோ தடவை அழித்தோம். ஒரு தடவை 'பாய்' மட்டும் வந்தது. ஒரு தடவை வெறும் மூச்சு. ஒரு தடவை எல்லாம் சரியாக வந்து கடைசியில் பழைய 'தா' வந்து நின்றது, தன்னைத் தானே தொடையில் குத்திக்கொண்டார். நான் பேசிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். விடவில்லை. சாதம் ஆறிப்போனது.

கடைசியில் அனுப்பியது இது: "பாய். ஒன்... ஒம்பது இல்ல. எட்டு. விக்... வேணாம்."

கீழே நான் இரண்டு வரி எழுதினேன். 1938 ரூபாயின் படத்தையும் போட்டேன்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கேரளா டாக்டர் வருகிற நாள். பதில் இல்லை.

ஜூலை 25, வியாழன்

பதில் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஜெனிஃபர் வந்தாள், இவர் பேசவில்லை. படஅட்டையைப் பார்த்தும் கோபம் வரவில்லை. அதுதான் மோசம் என்றாள்.

ஜூலை 29, திங்கள்

இன்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். குக்கர் விசில் வந்துகொண்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. பாய்க்கு ஒரு வார்த்தை இருக்கிறது, இந்தூர்க்காரனுக்கு நஹி இருக்கிறது, இங்கே நாலு மாதமாக ஒருத்தி குளிப்பாட்டி விடுகிறாளே என்கிற மாதிரி ஏதோ. முழுதாக ஞாபகம் இல்லை.

மத்தியானம் குழம்பில் உப்புப் போட மறந்திருக்கிறேன். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டு முடித்தார். நான் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கலந்த சாதம் எதுவும் செய்யவில்லை. தயிர் சாதம் மட்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலை பத்து மணிவாக்கில் வாசலில் ஒரு ஆள். ஒல்லியாக, நரைத்த தாடி, தோளில் கனமான ரெக்சின் பை. "தணிகாசலம் சார் வீடு இதுதானே? நான் பஷீர்."

போனில் குரலைக் கேட்டு பெரிய உருவமாக நினைத்துவைத்திருந்தேன். உள்ளே வந்ததும் இவரைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு நின்றார். இவர் இடது கையை நீட்டினார். பாய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

காபி கொடுத்தேன். குடிக்காமல் பேசினார். "அன்னிக்கு சார் அனுப்பினதைக் கேட்டப்ப எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு அக்கா. விலையைக் குறைக்க இது ஒரு புது வேலைன்னு நினைச்சேன். வாங்கப்போறதில்லைன்னு நீங்க சொன்ன பிறகும் அப்படித்தான் நினைச்சேன், பாருங்க. பொழப்பு அப்படி. ஆனா ராத்திரியெல்லாம் அந்தக் குரல் காதுலயே நிக்குது. காலையில தெற்குமாசி வீதியில ஒரு நகைக் கடையில கொண்டுபோய் பெரிய லென்ஸ் வெச்சுப் பார்த்தோம். சுரண்டினதுதான்."

"டாக்டர்?"

"வந்தாரு. கையில காசோட. இல்லன்னு அனுப்பிட்டேன்." காபியைக் கீழே வைத்தார். "நான் அதை நாப்பதாயிரம் கொடுத்து வாங்கினேன் அக்கா. கொடுத்தவன் போனை எடுக்கல. போச்சு. ஒரு வாரம் உங்க மேல கோபமா இருந்துச்சு, மறைக்கல. இவங்க சொல்லாம இருந்திருந்தா அது டாக்டர் தலையில போயிருக்குமே, நமக்குத் தெரியாமலேயே போயிருக்குமேன்னு. அப்படி நினைக்கிறோமேன்னு என் மேலயும் கோபம். அதான் போன் பண்ணல."

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நா... நாப்பது?" என்றார். முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சி. ஏமாந்ததற்கு இல்லை, அவ்வளவு கொடுத்து வாங்கியதற்கு.

பாய் சிரித்துவிட்டார். "ஆமா சார், நாப்பது. திட்டுங்க."

பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போகிற வழியாம். புதிதாக வாங்கிய ஒரு மூட்டையை மேஜையில் கொட்டினார். "விக்க வரல. எது நல்லது எது கெட்டதுன்னு சார் பாத்துச் சொல்லட்டும். எனக்கு இப்ப கண்ணு மேலேயே நம்பிக்கை இல்ல." இவர் ஒவ்வொன்றாக இடது கையால் தள்ள ஆரம்பித்தார். சரி. சரி. வேணாம். சரி. ஒரு செப்புக் காசை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "நூறு" என்றார்.

"சார்! இருநூத்தம்பது வரும் சார் அது!"

"நூறு."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இவருக்கு வார்த்தை வராவிட்டால் எடுத்துச் சொல்லலாம் என்று. ஒரு இடத்தில் இவர் திணறியபோது வாயைத் திறந்தேன். பாய் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். இவருக்காகக் காத்திருந்தார். வந்தது.

அப்புறம் பாய் என்னை மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா, நீங்க போய்ப் படுங்க. எனக்கு நாலு மணிக்குத்தான் பஸ்சு. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

"மாத்திரை கொடுக்கணும் பாய். சமைக்கணும்."

"எந்த மாத்திரைன்னு காட்டுங்க, நான் கொடுக்குறேன். சாப்பாடு வாங்கிட்டு வர்றேன். போங்க."

மாத்திரையைக் காட்டினேன். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். புடவையைக்கூட மாற்றவில்லை. அப்படியே சாய்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வெயில் சுவரின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. கூடத்தில் பாய் நூற்று எழுபத்தைந்து என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். இவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.